ரிப்போர்ட்டில் கால்சியம் 10.6: கருப்பைவாய், சினைப்பைப் புற்றுநோய்ப் பெண்களுக்கு இதை விட்டுவிடலாமா?

கடலாடி டூட்டி

சாயல்குடி, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கத்திலிருந்து வரும் புற்றுநோய்ப் பெண்களின் ஃபைலைப் புரட்டினால் ஹீமோகுளோபின் இருக்கும், கிரியேட்டினின் இருக்கும், சர்க்கரை இருக்கும். கால்சியம் இருக்காது. இருந்தாலும் பக்கத்தில் ஆல்புமின் (கால்சியத்தைப் பிடித்துவைத்திருக்கும் ரத்தப் புரதம்) இருக்காது. விவரம் தெரிந்தவர்கள் இந்த இழையில் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் இந்த ராமநாதபுரக் கரையில் டூட்டி பார்க்கிற எல்லோருக்கும் உதவும்.

கணக்குக்காக ஒரு உதாரணம் வைக்கிறேன், யாருடைய ஃபைலும் இல்லை. 54 வயது, 45 கிலோ, கருப்பைவாய்ப் புற்றுநோய் 3-பி நிலை, ரேடியேஷன் முடிந்து நோய் திரும்பியிருக்கிறது. நாலு நாளாக மலம் போகவில்லை. நாக்கு வறண்டு கிடக்கிறது. குமட்டல். கூப்பிட்டால் முழிக்கிறார், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மறுபடி கண் செருகுகிறது. மார்ஃபின் மாத்திரை ஓடுகிறது. கால்சியம் 10.6. லேப் தாளில் அச்சடித்த எல்லை டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மி.கி. "வெயில், தண்ணி குடிக்கலை, மார்ஃபின்" என்று மூன்று காரணம் தயாராக இருப்பதால் யாரும் அந்த 10.6-ஐத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆல்புமின் 2.2 என்று வையுங்கள். 4-லிருந்து 2.2 கழித்தால் 1.8. அதை 0.8-ஆல் பெருக்கினால் 1.44. கூட்டினால் 12.04. ஆல்புமின் குறைந்தால் கால்சியமும் குறைத்துக் காட்டும், அதை ஈடுகட்டிய இந்த எண்தான் திருத்திய கால்சியம்.

கேட்க வேண்டியவை: இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? மதுரைக்கு அனுப்புவதற்கு முன் இங்கேயே என்ன செய்யலாம்? யாருக்கு செலைன் ஏற்றக் கூடாது?

வைகைக்கரை ஆன்கோ

விடவே கூடாது. திருத்திய கால்சியம் 12-க்குக் கீழே இருந்தால் லேசு, 12 முதல் 14 வரை நடுத்தரம், 14-ஐத் தொட்டால் கடுமை என்று பிரிக்கிறோம். எண்ணைவிட அது ஏறிய வேகம் முக்கியம். மாதக்கணக்கில் மெல்ல ஏறிய 13-ஓடு எழுந்து நடப்பவர்கள் உண்டு. ஒரே வாரத்தில் 12.5-க்கு ஏறியவர் படுக்கையை விட்டு எழமாட்டார். உங்கள் உதாரணத்தில் மயக்கம் இருக்கிறது, ஆகவே 12.04 என்றாலும் சிகிச்சை தேவை.

கால்சியம் ஏன் ஏறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "ஸ்கேனில் எலும்புக்குப் பரவவில்லை, அப்புறம் எப்படி?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். கட்டி எலும்பைத் தொடவே வேண்டியதில்லை. புற்றுநோயால் கால்சியம் ஏறுகிறவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குக் காரணம் கட்டி சுரக்கும் பி.டி.எச்.ஆர்.பி. என்ற புரதம். பாராதைராய்டு ஹார்மோனின் வேஷம் போட்டுக்கொண்டு இரண்டு இடத்தில் வேலை செய்யும்: எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும், சிறுநீரகத்தில் வெளியேற வேண்டிய கால்சியத்தைத் திரும்ப இழுத்துப்போடும். கருப்பைவாய், பெண்குறி வெளிப்பகுதி ஆகியவற்றின் ஸ்க்வாமஸ் புற்றுநோயிலும், சினைப்பையின் கிளியர் செல் வகையிலும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. எலும்புக்குப் பரவி அரித்து ஏறுவது மீதியில் பெரும்பகுதி. கட்டியே வைட்டமின் டி-யின் செயல்வடிவமான கால்சிட்ரையாலை உண்டாக்குவது அபூர்வம். சினைப்பையின் டிஸ்ஜெர்மினோமா வகைக் கட்டியில் அப்படி விவரித்திருக்கிறார்கள். அந்த வகைக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும், மற்ற இரண்டுக்கும் அவ்வளவாகக் கேட்காது.

ஒரு எச்சரிக்கை. புற்றுநோய் இருக்கிறது என்பதற்காக எல்லா உயர்வையும் அதன் தலையில் கட்ட முடியாது. பாராதைராய்டு ஹார்மோன் ஒரு முறையாவது பாருங்கள். புற்றுநோயால் ஏறியிருந்தால் அது அடங்கிப்போய்க் குறைவாக இருக்கும். அடங்காமல் இருந்தால் கழுத்தில் பாராதைராய்டு கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும். பி.டி.எச்.ஆர்.பி. பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது, முடிவு வரவும் நாளாகும். அதற்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள்.

மண்டபம் லேப்

எண்ணை நம்பலாமா என்ற கேள்விக்கு லேப் பக்கத்திலிருந்து.

டியூப்: கால்சியம் மஞ்சள் மூடியிலோ சிவப்பு மூடியிலோதான் வர வேண்டும். ஊதா மூடியில் ஈ.டி.டி.ஏ. இருக்கிறது, கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். சாம்பல் மூடியில் உள்ள ஆக்சலேட்டும் அப்படித்தான். சில இடங்களில் முதலில் ஊதாவை நிரப்பிவிட்டு, அதே ஊசி முனை ஊதா டியூபைத் தொட்ட கையோடு மஞ்சளை நிரப்புகிறார்கள். அந்தத் துளி போதும். கால்சியம் 5, பொட்டாசியம் 9 என்று சேர்ந்து வந்தால் நோயாளியைப் பார்க்க ஓடுவதற்கு முன் டியூபைச் சந்தேகப்படுங்கள்.

கட்டு: டூர்னிக்கேயை இரண்டு மூன்று நிமிடம் இறுக்கி, கையை மூடித் திறக்கச் சொல்லி எடுத்தால் ஆல்புமின் செறிந்து கால்சியமும் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். டிரிப் ஓடுகிற கையில் எடுத்தால் நேர் எதிராக, தண்ணீர் கலந்து எல்லாமே குறையும்.

மூன்றாவது, இந்த மாவட்டத்துக்கென்றே உள்ள சிக்கல். நம் போர் தண்ணீரின் கடினத்தன்மை ஊருக்கே தெரியும், பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீர். செமி ஆட்டோ அனலைசர் வைத்திருக்கும் சிறிய லேப்களில் கண்ணாடி டெஸ்ட் டியூபைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் மெல்லிய வெள்ளை வளையம் தெரியும். அது கால்சியம். அதில் ரியேஜென்ட் (சோதனைக் கரைசல்) ஊற்றினால் நோயாளியின் ரத்தம் சேருவதற்கு முன்பே நிறம் ஏறிவிடும். கால்சியத்துக்குப் புது டிஸ்போசபிள் டியூப்தான். அது இல்லையென்றால் நீர்த்த அமிலத்தில் அலசி, டிஅயனைஸ்டு தண்ணீரில் மூன்று முறை கழுவி உலர்த்தியது. ரியேஜென்ட் பிளாங்க் (ரத்தம் சேர்க்காத ரியேஜென்ட் காட்டும் அளவு) அன்றைக்கு வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால் அந்த ஓட்டத்தில் ஒரு கால்சியமும் ரிப்போர்ட் பண்ணக்கூடாது.

இன்னொன்று: எம்.ஆர்.ஐ.யில் காடோடையமைடு வகைக் கான்ட்ராஸ்ட் போட்ட அன்றே ரத்தம் எடுத்தால், சில ரியேஜென்ட்களில் கால்சியம் பொய்யாகக் குறைந்து காட்டும். கருப்பைவாய்க்கு எம்.ஆர்.ஐ. வழக்கம் என்பதால் சொல்கிறேன்.

கடலாடி டூட்டி

அயனைஸ்டு கால்சியம் (புரதத்தில் ஒட்டாமல் தனியே நிற்கும் பங்கு)? ஏ.பி.ஜி. (ரத்த வாயு) மெஷின் உள்ள இடத்தில் அதைப் பார்த்தால் போதுமா?

மண்டபம் லேப்

அதுதான் மேல், டாக்டர். ஆல்புமின் மிகக் குறைந்தவர்களிடம் திருத்தக் கணக்கு இரண்டு பக்கமும் தவறும். ஹெப்பாரின் பூசிய ஏ.பி.ஜி. சிரிஞ்சில் காற்றுக் குமிழி இல்லாமல் எடுத்து, உடனே ஓட்டுங்கள். வயலிலிருந்து ஹெப்பாரினை இழுத்துச் சாதாரண சிரிஞ்சை நனைக்கும் பழக்கம் இருந்தால், மிச்சம் நிற்கும் ஹெப்பாரின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், எண் குறைந்து வரும். சாதாரண அளவு லிட்டருக்கு 1.12 முதல் 1.32 மில்லிமோல். அயனைஸ்டு எண்ணுக்கு ஆல்புமின் திருத்தம் போடக்கூடாது, சிலர் அதையும் போடுகிறார்கள்.

சிஸ்டர் உச்சிப்புளி

வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற எங்களுக்கு லேப் தாள் கையில் இருக்காது. பார்த்தும் கேட்டும்தான் சந்தேகப்பட வேண்டும். மார்ஃபின் மயக்கமா, கால்சியமா என்று பிரிக்க சில விஷயங்கள்:

கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்கி, மூச்சு நிமிடத்துக்கு 8, 10 என்று இறங்கியிருந்தால் மார்ஃபின் பக்கம் சாயுங்கள். கால்சியத்தில் மூச்சு அப்படி இறங்காது. மார்ஃபின் அளவைக் கூட்டாமல் ஒரே அளவில் மூன்று வாரமாக நல்லாயிருந்தவர் இப்போது மயங்கினால், மாறியது மார்ஃபின் இல்லை, உடம்பு. ராத்திரி எத்தனை தடவை எழுந்து ஒண்ணுக்குப் போனார், தண்ணீர்ச் செம்பை எத்தனை தடவை நிரப்பி வைத்தீர்கள் என்று வீட்டில் கேளுங்கள். "குடிச்சுக்கிட்டே இருக்காங்க, போய்க்கிட்டே இருக்காங்க, ஆனா நாக்கு காஞ்சு கிடக்கு" என்றால் எனக்கு முதல் சந்தேகம் கால்சியம்தான். சர்க்கரையையும் அங்கேயே குத்திப் பார்த்துவிட வேண்டும், அதுவும் இதே மாதிரிதான் வரும்.

இரண்டும் சேர்ந்தும் வரும் என்பதை மறக்க வேண்டாம். கால்சியம் சிறுநீரகத்தைக் காயப்போட்டால் மார்ஃபினின் கழிவுகள் வெளியேறாமல் தேங்கும். கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பது அதன் அறிகுறி. அப்போது மார்ஃபினை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, வலி பிய்த்துவிடும். அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்ட வேண்டும். இது டாக்டரிடம் கேட்டுத்தான்.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் கொடுக்காதீங்க. உடம்பில் தண்ணீர் இல்லாதவருக்கு அது குடலுக்குள் களிமாதிரி இறுகும். பிசகோடில் அல்லது லாக்டுலோஸ் போதும். மில்க் ஆஃப் மெக்னீசியா, சிறுநீரகம் சரியாக இருப்பது தெரிந்தால் மட்டும்.

சிறுநீரகப் பக்கம்

யாருக்கு செலைன் ஏற்றக் கூடாது என்ற கேள்விதான் இந்த இழையில் உயிர்ப்பிரச்சினை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

முதலில் செலைன் ஏன்? கால்சியம் கூடினால் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கும், சிறுநீர் கொட்டும். உடல் காயும். காய்ந்த உடலில் சிறுநீரகம் சோடியத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், அதோடு கால்சியமும் ஒட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போகும். கால்சியம் மேலும் ஏறும். இந்தச் சுழலை அறுப்பதுதான் 0.9 சதவீத செலைனின் வேலை. ரிங்கர் லாக்டேட் கூடாது, அதிலேயே கால்சியம் இருக்கிறது. வெறும் டெக்ஸ்ட்ரோஸ் பயன்படாது, சோடியம் இல்லை.

அளவு: இதயமும் சிறுநீர் வழியும் சரியாக இருக்கும் பெரியவருக்கு மணிக்கு 200 முதல் 300 மி.லி. வரை தொடங்கி, மணிக்கு 100 முதல் 150 மி.லி. சிறுநீர் வருகிற அளவுக்குச் சரிசெய்வது. உதாரணத்தில் உள்ள 45 கிலோ பெண்ணுக்கு நான் 200-க்கு மேல் போகமாட்டேன். 20 சொட்டு செட்டில் அது நிமிடத்துக்கு 67 சொட்டு. முதல் லிட்டர் உள்ளே போனதும் 125-க்கு, அதாவது 42 சொட்டுக்குக் குறைக்கலாம். அந்த வேகத்தில் 24 மணி நேரத்துக்கு 3 லிட்டர், 500 மி.லி. பாட்டில் என்றால் ஆறு. 70 வயதைத் தாண்டியவர், இதயம் பலவீனமானவர் என்றால் பாதி வேகம். ஒவ்வொரு பாட்டில் மாற்றும்போதும் நுரையீரல் அடியில் ஸ்டெத் வைக்க வேண்டும்.

இப்போது ஆபத்து. கருப்பைவாய்க் கட்டி இரண்டு யூரீட்டரையும் (சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்) நெரித்திருக்கலாம். உதாரணத்தில் உள்ள 3-பி என்ற நிலைக்குள்ளேயே சிறுநீரக வீக்கமும் வருகிறது. கால்சியம் ஏறியவர் சிறுநீர் கொட்டுவார் என்று புத்தகம் சொல்லும், அடைப்பு இருந்தால் ஒரு சொட்டும் வராது. அப்படிப்பட்டவருக்கு 3 லிட்டர் ஏற்றினால் தண்ணீர் நுரையீரலில் போய் நிற்கும். ஆகவே முதல் பாட்டிலோடு கதீட்டர் போடுங்கள். பையில் மணிக்கணக்கைக் குறியுங்கள். இரண்டு மணி நேரத்தில் 50 மி.லி. கூட வரவில்லையென்றால் வேகத்தைக் குறைத்துவிட்டு அல்ட்ராசவுண்ட். இரு பக்கமும் சிறுநீரகம் வீங்கியிருந்தால் இது ஏற்றிச் சரிசெய்கிற விஷயமல்ல. முதுகு வழியாக நெஃப்ரோஸ்டமி குழாயோ, யூரீட்டருக்குள் வைக்கும் டி.ஜே. ஸ்டென்ட்டோ, டயாலிசிஸோ உள்ள இடத்துக்கு அன்றே போக வேண்டும். கால்சியம் குறைந்த திரவத்தில் டயாலிசிஸ் செய்தால் கால்சியமும் சேர்ந்தே இறங்கும்.

கடலாடி டூட்டி

லாசிக்ஸ் (சிறுநீர் பிரியவைக்கும் மருந்து)? பழைய நோட்ஸில் "செலைன் பிளஸ் லாசிக்ஸ்" என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறோம்.

சிறுநீரகப் பக்கம்

காய்ந்து கிடப்பவருக்கு லாசிக்ஸ் போட்டால் இருக்கிற தண்ணீரையும் பறிக்கிறீர்கள், நான் மேலே சொன்ன சுழல் இன்னும் இறுகும். பொட்டாசியமும் மெக்னீசியமும் சேர்ந்து சரியும். சிஸ்பிளாட்டின் கீமோ வாங்கியவர்களிடம் மெக்னீசியம் ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். தண்ணீர் கூடிப்போய் மூச்சுத் திணறினால் மட்டும் லாசிக்ஸ். வழக்கமாகச் சேர்ப்பதைக் கைவிட்டுப் பல வருடமாகிறது.

கீழக்கரை மருந்தாளுநர்

மருந்துகளைப் பற்றி.

எலும்பிலிருந்து கால்சியம் கரைவதைத் தடுக்கும் ஜொலெட்ரானிக் ஆசிட் 4 மி.கி. 100 மி.லி. செலைனில் கலந்து, 15 நிமிடத்துக்குக் குறையாமல். அவசரப்பட்டு 5 நிமிடத்தில் தள்ளினால் சிறுநீரகம் அடி வாங்கும். ரிங்கர் லாக்டேட் ஓடிய அதே லைனில் விடக்கூடாது. ஏற்றிய அன்றே கால்சியம் இறங்காது. இரண்டாம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கி, 4 முதல் 7 நாளில் அடிமட்டத்துக்கு வரும். அடுத்த நாளே "இறங்கலை, இன்னொன்று போடுங்க" என்று சீட்டு வருகிறது. 7 நாளாவது பொறுக்க வேண்டும்.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் கால்சிடோனின். கிலோவுக்கு 4 யூனிட், தோலடியில் அல்லது தசையில், 12 மணிக்கொரு முறை. 45 கிலோவுக்கு 180 யூனிட். 4 முதல் 6 மணி நேரத்தில் வேலை செய்யும், 1 முதல் 2 வரை இறக்கும், 48 மணி நேரத்தில் உடம்பு பழகிவிடும், அதற்குமேல் பயன் இல்லை. 14-ஐத் தாண்டியவர், நினைவு தவறியவர் ஆகியோருக்கு இது.

கால்சிடோனினையும் டெனோசுமாபையும் (எலும்பு கரைவதைத் தடுக்கும் இன்னொரு ஊசி) 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கொண்டுபோகும்போது மீன் ஐஸ் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். பெட்டி நல்லதுதான். ஆனால் உடைத்த ஐஸில் உப்புக் கலந்திருந்தால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும், மருந்து உறைந்து கெட்டுவிடும். ஐஸின் மேல் மடித்த துண்டு, அதன்மேல் டப்பா. ஆம்பூல் ஐஸைத் தொடக்கூடாது. ஒருமுறை உறைந்தது இளகினாலும் அதைப் போடாதீர்கள்.

நிறுத்த வேண்டியவை எவை என்று அறிய மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால் உள்ளே தயசைடு என்ற சிறுநீர் பிரியவைக்கும் மருந்து இருக்கும். குளோர்தாலிடோனும் அதே குணம், இரண்டும் கால்சியத்தைப் பிடித்துவைக்கும். "எலும்புத் தேய்மானம்" என்று வேறொரு டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரை இருக்கும். வைட்டமின் டி 60,000 யூனிட் சாஷே, வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று பாலில் கலக்கிக் குடித்திருப்பார்கள். அது கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட வேலை செய்யும். டிக்ளோஃபெனாக் வலி ஊசியும் வேண்டாம், காய்ந்த சிறுநீரகத்துக்கு அது விஷம். டிஜாக்சின் இதய மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஈ.சி.ஜி. எடுக்காமல் விடாதீர்கள்.

வைகைக்கரை ஆன்கோ

மேலே சொன்னதோடு இரண்டு சேர்க்கை. ஜொலெட்ரானிக்குக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் மேல்வலியும் வருவது வழக்கம், பாராசிட்டமால் போதும். ஆனால் கீமோ ஓடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் "அந்த ஊசிக் காய்ச்சல்" என்று விடாதீர்கள், அன்றே வெள்ளை அணு எண்ணிக்கை பாருங்கள்.

கிரியேட்டினின் 4.5-க்கு மேல் உள்ளவர்களிடம் ஜொலெட்ரானிக்கைச் சோதித்ததில்லை. சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே என்றால் டெனோசுமாப் 120 மி.கி. தோலடியில் போடுவது பாதுகாப்பு. அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதில்லை. 2023-ல் வந்த எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டுதல், செலவும் கிடைப்பதும் ஒத்துவந்தால் டெனோசுமாபையே முதலில் வைக்கலாம் என்கிறது. ஆனால் சிறுநீரகம் கெட்டவர்களிடம் அது கால்சியத்தை மறுபக்கம், அதாவது தேவைக்குக் கீழே தள்ளிவிடும். உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரலில் ஊசி குத்துவது, கை இழுத்துக்கொள்வது இதன் அறிகுறிகள் என்று சொல்லி அனுப்பி, ஒரு வாரத்துக்குள் கால்சியம் திரும்பப் பார்க்க வேண்டும்.

மாதாமாதம் இந்த ஊசிகள் தேவைப்படும் என்றால் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெற்றிலை, புகையிலை போட்டு ஈறு புண்ணாகியிருப்பவரிடம் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும். அவசரத்தில் போடும் முதல் ஊசிக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஏர்வாடி சித்தா

வெற்றிலை என்றதும் சொல்ல வேண்டியது இது. நம் கரையில் பல பாட்டிமார் போடுவது கிளிஞ்சல் சுண்ணாம்பு. ஒரு நாளைக்கு 15 வெற்றிலை போடுகிறவர் நடுவிரல் நுனியால் வழித்துத் தடவும் அளவைக் கணக்குப் பார்த்தால் கொஞ்சமல்ல. சுண்ணாம்பு கால்சியமும் காரமும் சேர்ந்தது. அதிகம் போடுபவர்களிடம் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் உண்டு. புற்றுநோயால் ஏறுவதோடு இதுவும் சேர்ந்தால் இறங்கவே இறங்காது.

எங்கள் மருந்துகளிலும் கேளுங்கள். சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவழப் பற்பம், பலகறைப் பற்பம் எல்லாம் அடிப்படையில் கால்சியம். வெள்ளைப்படுதலுக்குக் கொடுக்கும் சிலாசத்துப் பற்பம் ஜிப்சம், அதுவும் கால்சியம்தான். வெள்ளைப்படுதல் என்று கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பெண் முதலில் வந்து நிற்பது எங்கள் வாசலில். நாற்றத்தோடும் ரத்தம் கலந்தும் வெள்ளை போனால் பற்பம் கொடுக்காமல் ஸ்பெகுலம் போட்டுப் பார்க்க அனுப்ப வேண்டும், இது என் துறைக்காரர்களுக்குச் சொல்வது. நோய் உறுதியானவர்களுக்குக் கால்சியம் பார்க்கும்வரை இந்தப் பற்பங்களை நிறுத்திவையுங்கள். "இங்கிலீஷ் மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா" என்று மட்டும் கேட்டால் இதையெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள். பொடி, லேகியம், பற்பம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சிஸ்டர் உச்சிப்புளி

வீட்டுக்காரர்கள் கேட்பதையும் இங்கே வைக்கிறேன்: உப்புத் தண்ணியாலா வந்தது? நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடுகிறாரே, நிறுத்தவா? பால்?

வைகைக்கரை ஆன்கோ

மூன்றுமே காரணமில்லை, சிஸ்டர். கடினமான தண்ணீரில் லிட்டருக்கு 200 மி.கி. கால்சியம் என்று வைத்தாலும் 2 லிட்டரில் 400 மி.கி. அதை அடக்கியாளக் குடலுக்குத் தெரியும். பி.டி.எச்.ஆர்.பி. வகையில் குடல் கால்சியத்தை உறிஞ்சுவதே குறைந்திருக்கும், எண் ஏறுவது எலும்பிலிருந்தும் சிறுநீரகத்திலிருந்தும். பசி செத்துப்போன பெண்ணிடமிருந்து அவர் வாய்க்குப் பிடித்த ஒரே கருவாட்டையும் அரை டம்ளர் பாலையும் பிடுங்குவது கொடுமை. கால்சிட்ரையால் வகையில் மட்டும்தான் உணவில் கால்சியத்தைக் குறைப்பதற்கு அர்த்தம் உண்டு.

நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியில் ரமலான் மாதத்தில் "நான் நோன்பை விடமாட்டேன்" என்று சொல்லும் உம்மாக்கள் உண்டு. கால்சியம் ஏறியவர் 13 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருந்தால் மாலையில் மயக்கத்தில் கிடப்பார். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. நாம் சொல்வதைவிட பள்ளிவாசல் ஆலிம் சொன்னால் கேட்பார்கள், குடும்பத்தாரை அவரிடம் பேசச் சொல்லுங்கள்.

தொண்டி மகப்பேறு

இழை முழுக்கக் கருப்பைவாயே ஓடுகிறது, சினைப்பையை விட்டுவிடக் கூடாது. 20, 25 வயதுப் பெண், அடிவயிற்றில் ஒரு பக்கக் கட்டி, வாந்தி. கர்ப்பமா, குடல்வாலா என்று தேடுவதோடு கால்சியமும் பாருங்கள். சினைப்பைச் சிறுசெல் புற்றுநோயில் ஹைப்பர்கால்சீமிக் என்றே பெயர் கொண்ட ஒரு வகை இருக்கிறது. அரிது, ஆனால் சராசரி வயதே 24 சுற்றி. அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேருக்குக் கால்சியம் ஏறும். கட்டியை எடுத்ததும் எண் இறங்கும், நோய் திரும்பினால் மறுபடி ஏறும். எஸ்.எம்.ஏ.ஆர்.சி.ஏ.4 என்ற மரபணுக் கோளாறுதான் காரணம் என்று 2014-ல் கண்டார்கள். பிறவியிலேயே அது இருக்கும் குடும்பங்களும் உண்டு என்பதால் தங்கை, மகளுக்கு மரபணு ஆலோசனை சொல்ல வேண்டும்.

கிளியர் செல் வகை எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிடம் வருவது. அதில் கால்சியம் ஏறுவதோடு காலில் ரத்தம் உறைவதும் அதிகம், காய்ந்த உடம்பில் இன்னும் அதிகம். செலைன் மாட்டும்போதே இரண்டு கெண்டைக்காலையும் பக்கத்தில் வைத்து அளந்துவிடுங்கள். ஒன்று வீங்கியிருந்தால் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள், ரத்தநாள டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் கால்சியத்தை 12-க்குக் கீழே இறக்கி, பொட்டாசியத்தைச் சரிசெய்த பிறகே மயக்க மருந்து கொடுப்பது பாதுகாப்பு. ஜொலெட்ரானிக்கும் போட்டு, கட்டியையும் எடுத்தால் அடுத்த சில நாளில் கால்சியம் தேவைக்குக் கீழே சரியலாம், தினமும் பாருங்கள்.

கடலாடி டூட்டி

நன்றி. அனுப்புவதைப் பற்றி: ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர் போல. ராமநாதபுரத்திலிருந்து 110. எந்த நிலையில் யாரை எங்கே?

சிறுநீரகப் பக்கம்

நினைவு தெளிவாக, சிறுநீர் நன்றாக வந்து, 14-க்குக் கீழே இருந்தால் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே செலைனும் ஜொலெட்ரானிக்கும் பார்த்துக்கொள்ளலாம், மதுரை வரை குலுங்க வேண்டியதில்லை. சிறுநீர் அடைப்பு, 14-க்கு மேல், ஈ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி சுருங்கி நாடி ஒழுங்கில்லாமல் ஓடுவது, இவை பெரிய இடத்துக்கு.

அனுப்பும்போது வெறும் கையோடு அனுப்பாதீர்கள். மணிக்கு 200 என்று ஓடும் ஒரு 500 மி.லி. பாட்டில் இரண்டரை மணி நேரம்தான் வரும். ராமேஸ்வரத்தில் மாட்டினால் மானாமதுரை சுற்றுவட்டாரத்தில் தீர்ந்துவிடும், இரண்டாவது பாட்டில் வண்டியில் இருக்கட்டும். சீட்டில் எழுத வேண்டியது: கால்சியம், ஆல்புமின், ரத்தம் எடுத்த நேரம், கிரியேட்டினின், பொட்டாசியம், எத்தனை மி.லி. ஏற்றி எத்தனை மி.லி. சிறுநீர் வந்தது, ஜொலெட்ரானிக் போட்ட தேதி, கடைசிக் கீமோ தேதி, மார்ஃபின் அளவும் கடைசியாகக் கொடுத்த நேரமும். ஜொலெட்ரானிக் தேதி இல்லாவிட்டால் மூன்றே நாளில் இரண்டாவது டோஸ் ஏறிவிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ஆதாரும் பழைய பயாப்சி ரிப்போர்ட்டும் கூட வருபவர் கையில்.

சிஸ்டர் உச்சிப்புளி

எல்லோரையும் அனுப்ப வேண்டுமா என்றும் பேசிவிடுவோம். கீமோவும் ரேடியேஷனும் முடிந்து, செய்ய ஒன்றுமில்லாத நிலையில், நாளில் பெரும்பகுதி தூங்கிக்கொண்டு, "என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போகாதீங்க" என்று சொன்ன பெண்ணுக்கு 13 என்ற எண்ணுக்காக 108 கூப்பிடுவது சரியா?

வைகைக்கரை ஆன்கோ

அவர் சொன்னதுதான் முதல். கட்டியை அடக்க வழியில்லாதபோது ஊசி இறக்கிய கால்சியம் மூன்று நான்கு வாரத்தில் திரும்ப ஏறும், இதைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் "ஒன்றுமில்லை" என்று முடிவெடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: போன வாரம் எப்படி இருந்தார்? போன வாரம் வாசலில் உட்கார்ந்து பேரனோடு பேசியவர் நாலு நாளில் இப்படிச் சாய்ந்திருந்தால், அது நோயின் முடிவாக இல்லாமல் கால்சியமாக இருக்கலாம். ஒரு ஊசியும் இரண்டு நாள் செலைனும் அவரைத் திரும்ப வாசலில் உட்காரவைக்கக் கூடும், தன் வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்ல நேரம் கிடைக்கும். இரண்டு மாதமாக மெல்ல மெல்லக் கரைந்து வந்தவருக்கு அந்தக் கணக்கு வேறு.

சிஸ்டர் உச்சிப்புளி

வீட்டிலேயே என்று முடிவானால்: தோலடியில் செலைன் விடலாம். 24 ஜி பட்டர்ஃபிளை, நிமிடத்துக்கு 1 மி.லி., ஒரு இடத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம். இடம் தேர்வதில்தான் தவறு நடக்கிறது. சினைப்பை நோயில் வயிற்றில் நீர் கட்டியிருந்தால் வயிற்றில் குத்தக்கூடாது. கருப்பைவாய் நோயில் கால் வீங்கியிருந்தால் தொடையில் குத்தக்கூடாது, உறிஞ்சாது. கழுத்தெலும்புக்குக் கீழே மார்பில், அல்லது முதுகில் தோள்பட்டைப் பலகைக்குப் பக்கத்தில். பிளேட்லெட் மிகக் குறைந்தவருக்கும் மூச்சுத் திணறுகிறவருக்கும் இது வேண்டாம்.

அதுவும் வேண்டாம் என்றால் நனைத்த பஞ்சில் வாயை இரண்டு மணிக்கொரு முறை துடைப்பது, உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின். பிதற்றலுக்கும் குமட்டலுக்கும் ராத்திரி ஹாலோபெரிடால் 0.5 முதல் 1.5 மி.கி., டாக்டர் எழுதிக் கொடுத்தால். மக்களைத் தேடி மருத்துவம் குழு அந்தப் பகுதிக்கு வரும் நாளை வீட்டுக் காலண்டரில் குறித்துக் கொடுங்கள்.

கடலாடி டூட்டி

கடைசியாக ஒன்று. ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியவருக்கு அடுத்த கால்சியம் எப்போது?

வைகைக்கரை ஆன்கோ

ஊசி போட்ட 4 அல்லது 5-ஆம் நாள் ஒன்று, பிறகு வாரம் ஒன்று. ஆல்புமின், கிரியேட்டினின், பொட்டாசியம் சேர்த்து. நடுவில் தாகமோ மலச்சிக்கலோ தூக்கமோ திரும்பினால் வாரம் முடியக் காத்திருக்க வேண்டாம்.

மண்டபம் லேப்

மஞ்சள் மூடியில், டிரிப் இல்லாத கையில். சீட்டில் "கால்சியம்" என்று மட்டும் எழுதாமல் "கால்சியம், ஆல்புமின்" என்று எழுதி அனுப்புங்கள், ஒரே டியூபில் இரண்டும் பார்த்துத் தருகிறோம்.